திருச்சியில் மோர், பருத்தித்துறையில் ஜீவனி

திருச்சியில் வெயிலுக்குப் பெயரும் உண்டு, தேதியும் உண்டு. மே 4 அக்னி நட்சத்திரம் என்று காலண்டர் சொல்லும். அதற்கு முன்பே தெருமுனையில் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டுத் தலைவர் படம் கட்டியிருப்பார்கள். என் சம்பந்தியம்மா கரூர்க்காரர். பந்தலையெல்லாம் நம்ப மாட்டார். மண்பானையில் வெட்டிவேர் முடிச்சைப் போட்டுவிட்டு, இன்னொரு சட்டியில் தயிரைக் கடைந்து தண்ணீராக விளாவி வைப்பார். அப்புறம் நாள் முழுக்க ஒரே கேள்விதான்: "பாப்பாவுக்கு மோர் குடுத்தீங்களா?" பேத்தி முகத்தைத் திருப்பினாலும் இரண்டு கரண்டி உள்ளே போய்விடும்.

நான் பிறந்த யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் வெயில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கடல் பக்கத்தில் இருப்பதால் 40 டிகிரி என்ற பேச்சே கிடையாது. "இஞ்ச என்னக்கா வெயில், காத்து வருதுதானே" என்பாள் என் தங்கச்சி. அந்தக் காற்றில்தான் சூது. அதில் ஈரம் மிகுதி. வியர்வை வழியுமே தவிரக் காயாது. காயாததால் உடம்பு ஆறாது, ஆறாததால் மேலும் வியர்க்கும். திருச்சியில் இதற்கு நேர்மாறு. வியர்வை தோலில் நிற்பதற்குள் காய்ந்துவிடுவதால் எவ்வளவு போயிற்று என்பதே தெரியாது. இரண்டு ஊரிலும் ஏமாறுவது சின்னப் பிள்ளைதான். எடையோடு பார்த்தால் அதற்குத் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். தாகம் என்று சொல்லவும் வாய் வராது. ஒன்று முதல் மூன்று வயது வரை பால், சோறு, பழம் எல்லாவற்றிலும் இருக்கும் நீரையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 1.3 லிட்டர் வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு.

தங்கச்சி வீட்டில் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவது ஒரு சின்னப் பித்தளை மூக்குப்பேணி. எங்கள் அம்மம்மா காலத்துச் சாமான். பக்கவாட்டில் கிளியின் அலகு மாதிரி ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கச் செய்த பாத்திரம். அவள் பேரன் அதை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கைக் கடித்துக்கொண்டே குடிப்பான்; பாதி நெஞ்சில் வழியும். டம்ளரில் கொடுத்தால் தள்ளிவிடுகிறவன், இதில் என்றால் தானே தேடி வருகிறான். உள்ளே இருப்பது கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல் மேல் கிடக்கும் நிலம், தண்ணீரிலும் அந்தக் கனம் தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், தோட்டத்து உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று போகாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குக் கிணறு பார்த்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

கைக்குழந்தை என்றதும் ஒன்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். இதில் இலங்கை முந்தி நிற்கிறது. 2016 கணக்கெடுப்பில் அங்கே 82 சதவீதக் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இந்தியாவில் 2019–21இல் 64. வீடு தேடி வரும் குடும்பநல மாதுவின் சொல்லுக்கு அங்கே உள்ள மதிப்பு இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்பது என் எண்ணம். இங்கே சம்பந்தியம்மாவிடம், "நாக்கு வறண்டு போயிடுமே" என்பதற்கு மறுமொழி சொல்லி நான் ஜெயித்ததே இல்லை.

ஆனால் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் மோரும் இளநீரும் போதாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, இழந்த உப்பை ஈடுகட்டும் சோடியம் குறைவு. தங்கச்சி கடைக்குப் போய் "ஜீவனி" என்பாள். தண்ணீரில் கரைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கைக்கு வரும். அங்கே அந்தப் பெயர்தான் பொருள். இங்கே பழைய ஆட்கள் எலக்ட்ரால் என்பார்கள், என் மகள் தலைமுறை "ஓ.ஆர்.எஸ்" என்கிறது. 2024 மே மாதம் பேத்திக்கு ஆறேழு முறை போயிற்று. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ் கேட்டு மகள் வாங்கி வந்தது உறிஞ்சுகுழல் ஒட்டிய ஆப்பிள் பழரசப் பெட்டி. முகப்பில் அந்த மூன்றெழுத்து கொட்டை எழுத்தில். குழந்தை ஆசையாகக் குடித்தது, போக்கு கூடிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம். பழரசப் பெட்டியில் சர்க்கரை இதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு சர்க்கரை உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், இப்படிப்பட்ட பெட்டிகளில் ஓ.ஆர்.எஸ் என்று போடக் கூடாதென்று எட்டு ஆண்டுகள் போராடினார். 2022இல் தடை வந்தது. சில மாதத்திலேயே, எச்சரிக்கை வரி போட்டால் போதுமென்று தளர்ந்தது. 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை இனிப் போடவே கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவாகச் சொன்னது.

ஜீவனிக்காரர்கள் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். தங்கச்சி அரைப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கி, மீதியை மடித்து றப்பர் பாண்ட் போட்டு வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர். முழுசாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்தது போக மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இந்தியாவில் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் வருவதால், அளவைப் படிக்காமல் கிழிக்கக் கூடாது.

இப்போது வெயில் காலத்தில் தினமும் இரவு நாங்கள் பேசிக்கொள்வது இதுதான். "அவன் எத்தனை தரம் சலம் விட்டவன்?" என்று நான். "உவள் சின்னவள்?" என்று அவள். ஆறு மணி நேரம் ஈரமில்லை, நிறம் மஞ்சளாகக் கடுத்துவிட்டது, அழுதால் கண்ணீர் இல்லை என்றால் உடனே டாக்டரிடம். தங்கச்சி சட்டென்று எண்ணிச் சொல்லிவிடுவாள். பேரன் பகலில் துணியோடு திரிகிறவன். எனக்குத்தான் திண்டாட்டம். இங்கே டயப்பர், எத்தனை முறை, என்ன நிறம், ஒன்றும் தெரியாது. கழற்றிக் கையில் வைத்து, தேங்காய் வாங்குகிறவள் மாதிரி எடை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.