டோர்லிங் பேராசைக்காரியா?

சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் 'தி அட்ரஸ்' என்றொரு சிறுகதை இருக்கிறது. எழுதியவர் மார்கா மிங்கோ. 1920-இல் நெதர்லாந்தின் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் நாஜிகளிடம் பறிகொடுத்து, தான் மட்டும் ஒளிந்திருந்து பிழைத்தவர். கதையில், போர் முடிந்தபின் ஒரு பெண், தாய் சொல்லிவைத்த மார்கோனி தெரு 46-ஆம் எண் வீட்டைத் தேடிப் போகிறாள். தாயின் பொருள்களைப் 'பத்திரப்படுத்த' எடுத்துச் சென்ற டோர்லிங் அங்கே இருக்கிறாள். ஆனால் கதவைத் தாண்டி உள்ளே விடமாட்டேன் என்கிறாள். சோழவரம் முதல் கும்மிடிப்பூண்டி வரை ஜி.என்.டி. சாலையோரத்து சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இந்தக் கதையைப் படிக்கும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது பாத்திரப் பண்பு. நோட்ஸ்களில் விடை தயாராக இருக்கும்: டோர்லிங் பேராசைக்காரி, தாய் வெள்ளை மனத்தவள், மகள் பக்குவம் அடைந்தவள். பாத்திரத்தை எடைபோடும் இந்தப் பழக்கம் கதைக்குள் நுழைய நல்ல வழிதான். ஆனால் கதை கனக்கத் தொடங்கும் இடத்தில் அது கையை விரித்துவிடுகிறது.

முதலில் அதன் நல்ல பக்கம். பண்பு எழுதச் சொன்னால் மாணவர் சான்று தேடியாக வேண்டும். கதவைத் திறக்கும் டோர்லிங்கின் உடம்பில் இருப்பது தாயின் பச்சைக் கம்பளிச் சட்டை. துவைத்துத் துவைத்து அதன் மரப்பொத்தான்கள் வெளுத்திருக்கின்றன. மகள் அதைப் பார்த்துவிட்டதை உணர்ந்ததும் டோர்லிங் கதவுக்குப் பின்னால் பாதி மறைகிறாள். வந்தவளை அடையாளம் தெரியவில்லை என்று அவள் வாய் சொல்வது பொய் என இந்த அசைவே காட்டிக்கொடுக்கிறது. மிங்கோ அவளுடைய குணத்துக்கு ஓர் அடைமொழிகூடப் போடுவதில்லை. சட்டை, மேசைவிரிப்பு, வெள்ளிக் கரண்டி என்று பொருள்களை வைத்தே ஆளைக் காட்டுகிறார். இதைக் கவனிக்கக் கற்ற மாணவர் எந்தக் கதையையும் ஏமாறாமல் படிப்பார். மதிப்பெண்ணுக்காகக் கற்றாலும் அது கல்விதான்.

கோளாறு அடுத்த படியில். பொருள்கள் காட்டியதை ஒரே சொல்லில் அடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. போர்க்காலத்தில் மகள் தாயிடம் கேட்கிறாள்: எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டீர்களா? அப்படிப் பேசுவதே அந்த அம்மாளை அவமதிப்பது என்று தாய் பதறுகிறாள்; பெட்டியும் கையுமாக வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் டோர்லிங் எடுக்கும் ஆபத்தை எண்ணிப் பார் என்கிறாள். அந்த ஆபத்து கற்பனையல்ல. ஆக, டோர்லிங் வெறும் திருடியாகத் தொடங்கியவள் என்று சொல்லிவிட முடியாது. போருக்குப்பின் அவள் பேசும் மிகச் சில சொற்களில் ஒன்று, யாரும் திரும்பி வரவில்லை என்றுதான் நினைத்தேன் என்பது. சாக்காகவே இருக்கட்டும். நெதர்லாந்தில் இருந்த ஏறக்குறைய 1,40,000 யூதர்களில் நான்கில் மூவர் கொல்லப்பட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் அவள் நினைத்தது பெரும்பாலும் சரி. உரியவர் வரமாட்டார் என்ற நிச்சயத்தை ஓர் அரசே ஏற்படுத்தித் தந்தபின், அதற்குள் சௌகரியமாகக் குடியேறியவள் டோர்லிங். 'பேராசை' என்ற சொல் இந்த அரசைக் கதையிலிருந்து துடைத்துவிட்டு, பழி முழுவதையும் ஒரு பெண்ணின் குணத்தில் ஏற்றிவிடுகிறது.

இப்படிப் பேசினால் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவதாகாதா, பதினாறு வயதுப் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரிய வேண்டாமா என்று ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. டோர்லிங் செய்தது தவறு; அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் தவறு என்று தீர்ப்பளிப்பதும் தவறு எப்படி நிகழ்ந்தது என்று விளங்கிக்கொள்வதும் ஒன்றல்ல. மோகன் ராகேஷின் இந்திக் கதையான 'மல்பே கா மாலிக்'கை இதனருகே வைத்துப் பார்க்கலாம். பிரிவினைக்கு ஏழரை ஆண்டுகளுக்குப் பின் லாகூரிலிருந்து அமிர்தசரஸுக்கு வரும் கிழவர் கனி, தன் வீடு இருந்த இடத்தில் இடிபாட்டு மேட்டைக் காண்கிறார். மகனைக் குடும்பத்தோடு கொன்றவன் ரக்கா பயில்வான். அவனே அந்த மேட்டுக்குத் தன்னைச் சொந்தக்காரனாக்கிக்கொண்டிருக்கிறான். இது தெரியாத கிழவர் அவனிடமே ஆறுதல் தேடிப் பாசத்தோடு பேசுகிறார். ரக்கா கொலைகாரன் என்பதில் வாசகருக்கு ஐயமே இல்லை. ஆயினும் கதையை நடத்துவது, அந்தப் பாசத்தின் முன் அவன் கூனிப்போவதும் சுற்றி நிற்கும் தெரு மொத்தமும் உண்மை தெரிந்தே வாய் திறக்காததும்தான். பண்புப் பட்டியலில் தெருவுக்கு ஏது இடம்?

பண்பு விளக்கத்தின் இன்னொரு சலுகை, படிப்பவரை எப்போதும் மகளின் பக்கத்தில் நிறுத்திவிடுவது. சோழவரத்துக்குத் தெற்கே அதே சாலையில் புழல் முகாம், வடக்கே கும்மிடிப்பூண்டி முகாம். தமிழக அரசு 2021-இல் இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. வீட்டையும் காணியையும் விட்டு வந்தவர்கள் வாழும் இடங்கள் இவை; மிங்கோவின் கதைக்கு இதைவிட நெருக்கமான அக்கம்பக்கம் கிடையாது. தமிழ் வாசகர் இயல்பாகவே இழந்தவராகத் தன்னைப் பார்ப்பார். அதற்கு உரிமையும் உண்டு. ஆனால் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளும் பண்டபாத்திரங்களும் பிறர் கைக்குப் போயின. திரும்பி வந்து கதவைத் தட்டியவருக்கு, கதவின் மறுபுறம் நின்றவர் தமிழராகவும் இருந்திருக்கக்கூடும். டோர்லிங்கை விசித்திரமான கெட்டவளாக்கிவிட்டால் இந்த இடத்தைப் பார்க்காமலே தாண்டிவிடலாம்.

மகளுக்குக் கொடுக்கப்படும் 'பக்குவம்' என்ற பட்டத்திலும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் முறை போகும்போது டோர்லிங் இல்லை; அவளுடைய மகள் உள்ளே அழைக்கிறாள். அந்நிய அறையில், அந்நிய ஒழுங்கில் கிடக்கும் தாயின் பொருள்களுக்கு நடுவே உட்கார முடியாமல் வந்தவள் எழுந்து வெளியேறி, முகவரியை மறந்துவிட முடிவெடுக்கிறாள். அவள் கேட்டு வாங்கவில்லை, வாங்கத் தோற்கவுமில்லை. அந்தப் பொருள்களைப் பொருள்களாக்கிய குடும்பமே போய்விட்டது. வாடகை அறையில் தனியாக இருப்பவளுக்கு அவை சுமை மட்டுமே. அது அவளுடைய நிலைமைக்குப் பொருந்திய முடிவு. எல்லாருக்குமான பாடமாக அதை உயர்த்தும்போதுதான் சிக்கல். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் மயிலிட்டி மக்கள் 1990-இல் விரட்டப்பட்டவர்கள். ராணுவம் பிடித்து வைத்திருந்த அவர்களுடைய துறைமுகம் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுகள் முகவரியை மறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களைப் பக்குவமற்றவர்கள் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். ஆகவே வினாத்தாளில் 'மகளின் பண்பை விளக்குக' என்று இருக்கும் இடத்தில், யாருக்கு மறக்க முடிகிறது, யாருக்கு முடிவதில்லை, ஏன் என்று கேட்கலாம். விடை நோட்ஸில் இருக்காது. திருத்துவதும் சற்றுக் கடினம்தான்.