உப்புக்காற்றும் படச்சுருளும்

பேணுதல் என்றால் என்னவென்று குருநகர்க் கடற்றொழிலாளருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. நைலோன் வலை வருவதற்கு முன்னர், நூல்வலைக்கு மரப்பட்டைச் சாயமேற்றி அதன் ஆயுளை நீட்டிய பரம்பரை அது. உப்பும் ஈரமும் எதையும் விட்டுவைப்பதில்லை என்பது அவர்களது தொழிலறிவு. அவ்வறிவில் ஒரு சிறு பங்கேனும் நமது சினிமா முதலாளிகளுக்கு இருந்திருக்கலாம்.

ஈழத்துத் தமிழ்ச் சினிமா 1962இல் 16 மில்லிமீற்றர் படமான ‘சமுதாயம்’ மூலம் தொடங்கியது. 1977இல் தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ வந்தது. 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ வந்தது. இவற்றைப் பற்றி இன்று பேசுவோரில் படத்தைப் பார்த்தவர் சிலரே. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய வரலாற்று நூலைப் படித்துப் பேசுவோரே பலர். அந்நூலின் பயன் பெரிது. ஆயினும் நூலைப் படித்துப் படத்தை விமர்சிப்பது எவ்வாறு?

“அவை சென்னைச் சினிமாவின் மங்கலான பிரதிகள்தாமே, அழிந்தால் என்ன?” என்று கேட்போர் உண்டு. அவற்றுட் பலவற்றில் சென்னையின் சாயல் இருந்தது மெய்யே. ஆனால் யாழ்ப்பாணத்துச் சாதியத்தையும் சீதனத்தையும் சிங்களவரான ஒரு நெறியாளர் தமிழில் நேர்நின்று நோக்கிய ‘பொன்மணி’யை அவ்வரிசையில் வைத்தல் அநீதி. வாடைக் காலத்தில் கரைவிட்டுக் கரை செல்லும் மீனவரைக் கதைமாந்தராக்கிய படத்தையும் அவ்வாறு தள்ளிவிட முடியாது. அக்காலத்துத் தீர்ப்பு சரியோ பிழையோ, அதை மீண்டும் விசாரிக்கச் சான்று வேண்டும். சான்று படச்சுருளே.

அசற்றேற்றுச் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது வினாகிரி நாற்றம் எழும். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி, பக்கத்திலிருக்கும் சுருளையும் கெடுக்கும். நாற்றம் வந்தபின் அழிவைத் தாமதிக்கலாமேயன்றித் திருப்ப இயலாது.

காலநிலையை மட்டும் குறைகூறவும் வேண்டாம். 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை இனவெறிக் கும்பல் எரித்தது. தமிழரின் சொத்து என்று கொளுத்தினார்கள். சிங்களப் படங்களின் மூலச்சுருள்களே அங்கு வெந்தன. இனவாதம் தன் சொந்த மொழியின் கலையையும் தின்னும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

1972இல் வந்த ‘நிதானய’ 2013இல் வெளிநாட்டு உதவியுடன் புதுப்பிக்கப்பட்டது. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெணு லமய்’ புதுப்பொலிவுடன் 2025இல் கான் விழாவில் காட்டப்பட்டது. இரண்டும் அதற்குத் தகுதியானவை, மகிழ்வோம். ஆனால் ‘கெஹெணு லமய்’ வெளிவந்ததும் ‘வாடைக்காற்று’ வெளிவந்த அதே 1978இல்தான். விழாக்களின் கண்ணில் படாத படத்துக்கு யார் பொறுப்பு? கொழும்புக்குப் போகும் இறாலுக்குக் குளிரறை அமைக்க முதலாளி முந்துகிறான். அதில் நாளைய இலாபம் தெரிகிறது. இறால் பிடிப்பவனின் வாழ்வைச் சொன்ன சுருளில் அவனுக்கு இலாபம் தெரியாது. ஆகவே இது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது ஆசிரியரின், மாணவரின் கடமை.

கேட்டுக்கொண்டிருக்கும் வேளையிலேயே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. திருமணம், திருவிழா, நாட்டுக்கூத்து ஆகியவற்றைப் பதிந்த வீடியோ நாடாக்கள் வீட்டு அலுமாரிகளில் பூஞ்சணம் பிடிக்கின்றன. அவற்றை இயக்கும் வி.எச்.எஸ். கருவியின் உற்பத்தி 2016இலேயே நின்றுவிட்டது.