சேமிப்பா, கடனா: எது முதலில்?

இன்றைய கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த தமிழகத்தின் தர்மபுரி மாவட்டத்தில் 1989-இல் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியது. குழுவின் நடைமுறை எளியது. ஒரே ஊரைச் சேர்ந்த 12 முதல் 20 பெண்கள் வாரந்தோறும் கூடிச் சந்தா கட்டுவார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே சுழற்றுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக் கட்டணம், ஆடு வாங்குவது என்று யாருடைய தேவை முந்தியது என்பதைக் கூட்டமே பேசி முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும். சில மாதங்கள் இப்படி நடந்த பிறகுதான் வங்கி வரும். அதுவும் தனியாளுக்கல்ல, குழுவுக்கே கடன் தரும். 1992-இல் வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு இந்த வங்கி இணைப்பை நாடளவில் சோதித்தது. 1997-இல் தமிழக அரசின் மகளிர் திட்டம் அதைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது.

இப்படி ஊரார் கூடிச் செயல்படுவது இலங்கைக்குப் புதிதல்ல. அங்கே முதல் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் 1906-இலேயே கண்டிப் பக்கம் உருவாகிவிட்டது. ஊரார் கூடிப் பாதை வெட்டும் சர்வோதயச் சிரமதானம் 1958-இல் பிறந்தது. வடக்கிலும் கூட்டுறவு வேரூன்றியிருந்தது. போர் அதைச் சிதைத்தது.

2009-இல் போர் முடிந்த பிறகு வடக்கின் வன்னிக்குள் முதலில் நுழைந்தது சங்கமல்ல, நுண்கடன் நிறுவனம். கணவரைப் போரில் இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்களிடம் சேமிப்பு எதுவும் இருக்கவில்லை. அவர்களையும் குழுவாகத்தான் சேர்த்தார்கள். ஆனால் அந்தக் குழுவுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை, பிணை நிற்கும் பொறுப்பு மட்டுமே. ஒருத்தி தவணை தவறினால் பக்கத்து வீட்டுக்காரியே அவளை நெருக்க வேண்டியிருந்தது. உறவைப் பகையாக்கும் ஏற்பாடு இது. இதைச் சமூக முயற்சி என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். சிங்களப் பெண்களும் இதே பாடு பட்டார்கள்: பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குரக்கொடையில் 2021-இல் நுண்கடனை எதிர்த்து வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

தமிழகமும் நிம்மதியடைய முடியாது. குழுவில் இருக்கும் பெண்களே தனியார் நிறுவனங்களிடமும் வாங்கி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கிறார்கள். வசூல் மிரட்டலைத் தடுக்க 2025-இல் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

இலங்கை அரசு வங்கிகள் கிராமத்துச் சிக்கன சங்கங்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கட்டும்; வட்டியையும் தவணையையும் சங்கமே தீர்மானிக்கட்டும். தமிழக அதிகாரிகள் எத்தனை கோடி கடன் கொடுத்தோம் என்ற கணக்கை விட்டு, வாரக் கூட்டம் உண்மையிலேயே நடக்கிறதா என்று போய்ப் பார்க்கட்டும்.