‘பிரிக்காத இஞ்சின்’ – ஒரு மதிப்பீடு

பாலக்கோட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கைமாறும்போது விற்பவர் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “இஞ்சினைப் பிரிச்சதே இல்லீங்க.” தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த பருவத்தில் கையில் பணத்துடன் வரும் இளைஞர் அதைக் கேட்டு மகிழ்கிறார், கேட்ட விலையைக் கொடுத்தும் விடுகிறார். யமஹா ஆர்.எக்ஸ். 100, ராஜ்தூத் 350 போன்ற வேக வண்டிகளின் விலையை ஏற்றிவிடுவதில் இந்த ஒரு வாசகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வாசகர்களே, இதை அறிவியல் உரைகல்லில் சற்று உரைத்துப் பார்ப்போமா?

சிறிய உருளை, பெரிய வேலை

ராஜ்தூத் 350 நம் நாட்டில் 1983-லும், ஆர்.எக்ஸ். 100 1985-லும் வெளிவந்தன. இரண்டிலும் உள்ளவை டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு இஞ்சின்கள். ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் அவ்வகை வண்டி எதுவானாலும் அதன் வயது கால் நூற்றாண்டுக்கு மேல் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த இஞ்சினை அம்பாஸடர் காரின் பழைய பெட்ரோல் இஞ்சினுடன் ஒப்பிடுவோம். அம்பாஸடரின் கொள்ளளவு 1,489 கன செ.மீ.; திறன் சுமார் 50 குதிரைத்திறன். ஆர்.எக்ஸ். 100-இன் கொள்ளளவு 98 கன செ.மீ. மட்டுமே; திறன் 11 குதிரைத்திறன். லிட்டர் கணக்கில் பார்த்தால் முன்னது தருவது ஏறக்குறைய 34 குதிரைத்திறன்; பின்னது தருவதோ 112. மூன்று மடங்குக்கும் அதிகம்!

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் ஓடும் வேகத்திலிருந்து அன்று. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் ஆர்.எக்ஸ். 100-இன் பிஸ்டனும், 4,200 சுற்றில் அம்பாஸடரின் பிஸ்டனும் சராசரியாக நொடிக்கு 12.5 மீட்டர் அளவிலேயே ஓடுகின்றன. அம்பாஸடரில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரிகிறது. அதாவது ஒரு சிலிண்டரில் நொடிக்கு 35 முறை. இருவீச்சு இஞ்சினிலோ சுற்றுக்கு ஒரு முறை. நொடிக்கு 125 முறை! ஒரு வெடிப்பின் சூட்டிலிருந்து பிஸ்டன் ஆறுவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிடுகிறது.

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அதைச் சூழ்ந்த உருளையின் உட்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரண்டுக்கும் இடையே விடப்பட்டுள்ள இடைவெளியோ மிகச் சிறிது. அதில் எண்ணெய்ப் படலம் வற்றினால் பிஸ்டன் உருளையைக் கவ்விக்கொள்ளும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் அக்கணமே பூட்டிக்கொள்ளும். இராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு விரையும் இளைஞருக்கு இது வெறும் பணச் செலவாக முடியாது.

வடிவமைத்தவர் கருதியது என்ன?

உருளை தேயும் என்பதை வடிவமைத்தவர்கள் நன்கு அறிவார்கள். அதனால்தான் இத்தகைய இஞ்சின்களுக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிதான பிஸ்டன்களும் செய்யப்பட்டன. தேய்ந்த உருளையைப் பட்டறையில் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும் என்பதே ஏற்பாடு. பிரித்துப் பழுது பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்ட இஞ்சினைப் பிரிக்காமல் வைத்திருப்பதில் பெருமை என்ன இருக்கிறது? பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரைவைப் பருவம் முடிந்ததும் சர்க்கரை ஆலைகளில் எந்திரங்களைக் கழற்றிச் செப்பனிடுவது வழக்கம். ‘பல ஆண்டுகளாகக் கழற்றாத ஆலை’ என்று எவரும் அதைப் புகழ்வதில்லை.

‘குறைந்த கிலோமீட்டர்’ என்ற வாசகமும் இத்தகையதே. இருவீச்சு இஞ்சினில் கிராங்க் அறை காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். அதைக் காப்பவை இரு ஓரங்களிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். சீல் வெடித்தால் அதன் வழியே காற்று புகுந்து பெட்ரோல் கலவையின் செறிவு குறையும், சூடு ஏறும், பிஸ்டன் கெடும். கொட்டகையில் இருபது ஆண்டு நின்ற வண்டியை அப்படியே எடுத்து விரட்டுவது, நாளும் ஓடிய வண்டியை விரட்டுவதைவிட ஆபத்தானது.

‘புகையே வராது’ என்பது மூன்றாவது வாசகம். பெட்ரோலுடன் சேர்ந்து எண்ணெயும் எரியும் இஞ்சின் இது. குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுகூடப் புகையே இல்லையென்றால், எண்ணெய் போதுமான அளவு போகிறதா என்று ஐயுற வேண்டும். மாறாக, சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை வந்தால், கிளட்ச் பக்கத்துச் சீல் பழுதாகிக் கியர் எண்ணெய் உள்ளே போகக்கூடும்.

வாசகத்தில் உள்ள நியாயம்

‘பிரிக்காதது’ என்ற சொல் முற்றிலும் பொருளற்றது என்று கூறிவிட முடியாது. அதற்குப் பின்னே நியாயமான ஓர் அச்சம் இருக்கிறது. அளவுக்கருவி இல்லாமல் கடைந்த உருளை, மட்டமான பிஸ்டன், தூசியோடு மூடிய கிராங்க் அறை ஆகியவை நல்ல இஞ்சினையும் கெடுத்துவிடும். சைலன்சரை மாற்றுவதும் அப்படியே. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் செய்த ஆராய்ச்சி, புகைக்குழாயில் எழும் அழுத்த அலைகளே இருவீச்சு இஞ்சினின் திறனைப் பெருக்குகின்றன என்று காட்டியது. ஓசைக்காகச் சைலன்சரின் உட்குழலைப் பிடுங்குபவர் இஞ்சினின் ஒரு பகுதியையே பிடுங்குகிறார். ஆகவே குறை, பிரித்ததில் இல்லை; பிரித்தவரின் கைத்திறனில் இருக்கிறது.

எனவே, வண்டி வாங்கச் செல்லும் வாசகர் “பிரித்ததா, பிரிக்காததா?” என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்கட்டும். உருளை இப்போது எந்த அளவில் இருக்கிறது? கடைசியாக எங்கே கடையப்பட்டது? ஆயில் சீல்கள் எந்த ஆண்டு மாற்றப்பட்டன? இவற்றுக்குப் பட்டறை ரசீதுடன் விடை சொல்பவரின் வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம். விடை இல்லாத ‘பிரிக்காத’ வண்டியானால், பிரித்துச் செப்பனிடும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசுவதே அறிவுடைமை.