எதிரும் புதிரும் ஒரே நெஞ்சில்

சர்வாதிகாரக் கதைகளின் பரம்பரையை நம் மார்சிலிங் வாசகர் வட்டத்தாருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸம்யாட்டின், ஹக்ஸ்லி, ஆர்வெல் மூவரையும் மூத்தோர் நமக்கு வரிசையாகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். தமிழ்க் கிளைகளும் தெரிந்தவையே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் மக்கள் தொழும் ஜீவா வெறும் ஹோலோகிராம். பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யில் வெள்ளாட்டுக் குட்டிக்கும் அரசாங்கம் காது குத்துகிறது. இரண்டையும் மதிக்கிறேன். என்னை வளர்த்தது மூன்றாவது கிளை: பொய்யை மனமார நம்புகிறவனை எழுதுவது.

அதில் எங்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர் அதைச் சொந்த மண்ணிலிருந்தே தொடங்குவார். ஆர்வெலின் '1984' வெளிவந்தது 1949இல். ஏழாண்டு முன்பே இத்தீவு அந்த நாவலுக்குள் வாழ்ந்துவிட்டது என்பார். 1942இல் ஜப்பானியர் பிடித்த சிங்கப்பூர் சியோனான் ஆனது. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள். ஜப்பானியக் கணக்கில் ஆண்டு 2602 என்றார்கள். ஆசியா ஆசியருக்கே என்ற முழக்கம் ஒருபுறம். சயாம் ரயில்பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டது மறுபுறம். இரண்டையும் அறிந்தும், முழக்கத்தை மனமார நம்பியவர்கள் இருந்தார்கள். பயந்து தலையாட்டுகிறவனை யாரும் எழுதலாம், நம்புகிறவனை எழுது என்பதே எங்கள் பள்ளியின் உரைகல்.

அதில் தேறியவை இரண்டு. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் வந்தது. விடுதலைக்கென்று புறப்பட்ட இயக்கம் தன் பிள்ளைகளையே வதைக்கிறது; வதைப்பவனும் அதை விடுதலை என்றே நம்புகிறான். ஜெயமோகனின் 'பின்தொடரும் நிழலின் குர'லில் ஓர் ஊழியர் கட்சி வரலாற்றிலிருந்தே அழிக்கப்படுகிறார்.

இன்று எழுதுகிறவர்களில் யாரையும் குறித்துச் சொல்லவில்லை, உழைப்பாளிகள், திறமைசாலிகள். ஆனால் அவர்கள் கதைகளில் என்ன வருகிறது? சுவரில் கேமரா, இயந்திரப் போலீஸ், வில்லன்போல் சிரிக்கும் அதிபர், மூன்றாம் பக்கத்தில் தப்பிக்கும் நாயகன். எல்லாருக்கும் பொய் பொய்யென்றே தெரிகிறது. பிறகு அங்கே சிந்தையை அடக்க என்ன இருக்கிறது? '1984'இல் ஒரே மேடைப் பேச்சின் நடுவே எதிரி நாடு மாறுகிறது. கூட்டம் கூசாமல் ஏற்றுக்கொள்கிறது. அந்த இடத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தவர் இப்படி எழுதுவாரா? படிப்பதில்லை. படிக்காததற்குக் கைதட்டல், பரிசு, மேடையில் பொன்னாடை. இப்படியே போனால் பத்தாண்டில் இத்தீவில் தமிழ் நாவல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. மூத்தோர் சேர்த்துவைத்த அத்தனையும் எடைக்குப் போகும். வரும் ஆண்டுச் சிறுகதைப் போட்டிக்காவது, கோவிந்தனை முழுதும் படித்த மூத்தவர் ஒருவரை நடுவர் குழுவில் உட்காரவைக்கும்படி வட்டத்தின் செயலவையைக் கேட்டுக்கொள்கிறேன்.