பட்டாளத்துக்காரர் என்றொரு படக்குறிப்பு

பதுளைப் பக்கத்தில் வெளிவரும் பள்ளிவாசல் நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள், குடும்ப வரலாற்றுச் சிறு நூல்கள் ஆகியவற்றைக் கண்ட இடத்தில் வாங்கிவிடுவது என் பழக்கம். கட்டுரைகளை விட்டுவிட்டு முதலில் படங்களைத்தான் பார்ப்பேன். மங்கிப்போன ஒரு படத்தில் காக்கிக் கோட்டுடன் ஒரு பெரியவர் நிற்பார். கீழே 'பட்டாளத்தில் சேவையாற்றிப் பதக்கம் பெற்ற எமது மூதாதையர்' என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பட்டாளம், எந்தக் காலம், என்ன பதக்கம் என்று ஒன்றும் இராது. நமது மலர்களில் அதிகம் வாசிக்கப்படுவதும் குறைவாக விமர்சிக்கப்படுவதும் இந்தப் படக்குறிப்புத்தான்.

இப்படி எழுதுவோர் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது மலாய்ப் பட்டாளத்தை. அது கற்பனை அல்ல. மலாய்க்காரர் பெரும்பான்மையாக இருந்த அந்தப் படை 1827 முதல் 'சிலோன் ரைபிள் றெஜிமென்ட்' என்று அழைக்கப்பட்டது. அதன் அதிகாரிகளில் ஒருவரான மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் அந்த மனிதரின் நினைவாக எழுந்ததே பதுளை சென் மார்க் தேவாலயம். அதைக் கடந்து சந்தைக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் இதை யோசித்திருப்போம்? அந்தச் சிப்பாய்களைப் பற்றி பி. ஏ. ஹுசைன்மியா எழுதிய 'ஒராங் ரெஜிமென்' 1990இல் மலேசியாவில் வெளிவந்தது. அரசாங்கப் பத்திரங்களோடு நில்லாமல், மலாய்க்காரர் தம் கையால் எழுதி வைத்த ஏடுகளையும் சான்றாக எடுத்துக்கொண்டது அந்நூலின் சிறப்பு. நமது மலர் எழுத்தாளர்கள் அதன் பெயரைச் சொல்கிறார்கள். அதன் முறையைப் பின்பற்றுவதில்லை.

பின்பற்றியிருந்தால் முதலில் ஆண்டு இடித்திருக்கும். அந்தப் படை 1873இல் கலைக்கப்பட்டுவிட்டது. ரைபிள் படைக்குரியது கரும்பச்சை உடை. பிரித்தானியப் படை கடல்கடந்த சேவைக்கெல்லாம் காக்கியைப் பொது உடையாக்கியது 1890களின் கடைசியில். படத்தின் பின்புறத்தில் தபாலட்டைக்குரிய அச்சு இருந்தால் அது 1900க்குப் பிந்தியது என்று ஓரளவு துணியலாம். ஆக, தபாலட்டையில் காக்கியுடன் நிற்பவர் ரைபிள் சிப்பாயாகப் பணியில் இருந்திருக்க முடியாது. 1881இல் தொடங்கிய லைட் இன்பன்ட்ரி தொண்டர் படையாளாக, பொலிஸ்காரராக, தோட்டக் காவல்காரராக இருக்கலாம். துரைமாரின் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் வெள்ளையருக்கானது. அதில் நம்மவரைத் தேடுவது வீண்.

பதக்கங்களுக்கும் ஒரு மொழி உண்டு. முதலாம் உலக யுத்தப் பதக்கங்களில் பெற்றவரின் இலக்கம், தரம், பெயர், படை எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் யுத்தத்துக்குரியவற்றைப் பிரித்தானியா தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. நாடாவின் நிறத்தைப் பழைய படத்தில் நம்பவே கூடாது. அக்காலத்துத் தகடுகள் சிவப்பை உணராதவை. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிவிடும். தன் பதக்கத்தை இடது மார்பிலும், இறந்த உறவினரின் பதக்கத்தை வலது மார்பிலும் அணிவது பிரித்தானிய வழக்கம். வலது மார்பில் இருந்தால், ஒன்று அது வாப்பாவின் பதக்கத்தை மகன் அணிந்தது, அல்லது படம் தலைகீழ்ப் பக்கமாக அச்சானது. கோட்டின் பொத்தானைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆண்களின் கோட்டில் இடப்பக்கமே மேலே வரும்.

இவ்வளவு சொல்கிறவன் யோக்கியனா என்று கேட்கலாம். இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மலரில் என் மூத்தாப்பாவின் வாப்பா படத்துக்கு 'மலாய்ப் பட்டாள வீரர்' என்று குறிப்பு எழுதியவன் நான்தான். வீட்டில் கேட்டதை அப்படியே எழுதினேன். பிறகு ஒரு பெருநாள் தினத்தில் பெரியவாப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து, அந்தப் 'பதக்கத்தை' முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். ராணியின் தலையும் இல்லை, ராஜாவின் தலையும் இல்லை. வட்டமான ஒரு தகடு, கயிறு கோர்க்க ஒரு துளை, ஓர் எழுத்து, சில எண்கள். 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது, போய்ச் சேரவேண்டிய மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறித்துக் கொடுத்த தகர டிக்கட் அது. படத்தில் அவர் தோளில் குறுக்காகத் தொங்குவதும் படைப்பட்டை அல்ல. பியூன்மார் போடுகிற பித்தளைத் தகட்டுப் பட்டை.

பெரியவாப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப நாங்க தோட்டத்துக்கு வந்த ஆக்கள் என்று புத்தகத்தில எழுதப் போறீங்களா மகன்?"

"எழுதினா என்ன பெரியவாப்பா?"

"நாப்பத்தெட்டுல இப்படி எழுதியிருந்தா, இண்டைக்கு நீங்க மாஸ்டராக இருந்திருக்க மாட்டீங்க."

அதுவரை நான் இந்தப் படக்குறிப்புகளை வெறும் வீம்பு என்றே எண்ணியிருந்தேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. 1949இல் வந்த சட்டத்தின் பெயரே 'இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்' என்பது. முஸ்லிம் என்பதால் யாரும் தப்பிவிடவில்லை. இந்நாட்டு ராணுவத்தில் ஒரு மூதாதை இருந்தார் என்பது அன்று பெருமைக்குச் சொன்ன கதை அல்ல, வீட்டைக் காக்கச் சொன்ன கதை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

ஆகவே அந்தக் கதையைச் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தேவை தீர்ந்த பின்னும் அதையே அச்சேற்றுகிற எங்கள் தலைமுறையைத்தான் சொல்கிறேன். மலாய்க்காரரின் உண்மையான வரலாற்றை அவர்களிடமிருந்து இரவல் வாங்கி, நமது சொந்தக் கங்காணி, பியூன், லயத்து வரலாற்றை மூடிவைப்பதால் இரண்டு பக்கமும் நட்டம். நமது சிறுகதைகளிலும் இதே குறை உண்டு. கடை முதலாளி வருகிறார், மரைக்கார் வருகிறார். கொழுந்துக் கூடையோடு நிற்கும் முஸ்லிம் பெண்ணை எத்தனை கதையில் கண்டோம்?

அந்தத் தகட்டைப் பெரியவாப்பா என்னிடம் தரவில்லை. மேலே கடதாசி வைத்துப் பென்சிலால் உரசி, எழுத்தையும் எண்களையும் எடுத்துக்கொள்ள மட்டும் சம்மதித்தார். கடதாசியைத் தானே அசையாமல் பிடித்துக்கொண்டார்.