டாக்டர் வருமுன்

நம் நாவல்களில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்புடனேயே பிறந்துவிடுகிறார். எந்தக் கல்லூரி என்று அவர் வீட்டில் நடந்த சர்ச்சையை யாரும் எழுதுவதில்லை, நானும் எழுதியதில்லை.

1978-இல் பிளஸ் டூ வருமுன், பெரம்பலூர்ப் பக்கத்துப் பூலாம்பாடிப் பையன் புகுமுக வகுப்புக்குத் திருச்சியில் எந்தக் கல்லூரி என்று யோசித்திருப்பான். இன்றோ, தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் தேர்வு. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

ஆக, பதினொரு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துத் தகப்பனார் எந்தப் பள்ளி வாசலில் நிற்கிறாரோ, அங்கேயே கல்லூரியும் பாதி தீர்மானமாகிவிடுகிறது. கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை. நாவல் தொடங்க வேண்டிய இடம் அந்த வாசல்தான்.